மார்லிஸ் இல்லாத படங்கள்

ரோண்டா பிலிம் துண்டை ஓரத்தில் பிடித்து, ரப்பர் பந்தை அமுக்கித் தூசியை ஊதி, சட்டத்தில் செருகி ஸ்கேனரின் கண்ணாடிமேல் வைத்து மூடினாள். உள்ளே வெளிச்சக் கோடு ஆடி அசைந்து கிளம்பியது. மேலே சமையலறையில் யாரோ துக்க வீட்டுக்கென்று இன்னொரு ஹாட்டிஷ் பாத்திரம் கொண்டுவந்து ஃப்ரிட்ஜில் இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். அம்மா இறந்த நாளிலிருந்து டூலூத்தில் பாதிப் பேர் உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் ஓவனில் வைத்துக்கொண்டிருந்தார்கள் போலிருந்தது.

தகனம் முடிந்துவிட்டது. நாளை சர்ச்சில் பிரார்த்தனை. முகம் பார்க்க வருகிறவர்களுக்கு இனி ஒரு படம்தான். அந்த ஒரு படம்தான் இல்லை.

கேமரா வைத்திருந்தவளே அம்மா. அதனால் வீட்டில் எல்லாருக்கும் படம் இருந்தது. அப்பா வெர்ன், அவருடைய லாரி, மூன்று நாய்கள், பக்கத்து வீட்டுக்காரரின் நாய்கூட இருந்தது. அம்மா, மார்லிஸ் டாலஃப்ஸன், மட்டும் எதிலும் இல்லை. கைபேசி வந்த காலத்திலும் யாராவது நீட்டினால் உள்ளங்கையால் மறைத்துக்கொள்வாள். ரோண்டாவுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஆயுசு முழுக்க எல்லாரையும் நில்லு, சிரி, கண்ணை மூடாதே என்று அதட்டியவள் தனக்கென்று ஒன்று எடுத்து வைத்திருக்கக்கூடாதா?

தம்பி கர்ட் கையில் தட்டோடு பேஸ்மென்ட் படி இறங்கி வந்தான்.

"கெடச்சுதா?"

"நீதான் கெடச்ச. டயப்பரோட ஒண்ணு, டயப்பர் இல்லாம நாலு."

"பேசாம லைசென்ஸ் படத்தையே குடுத்துருவோம். சாயங்காலத்துக்குள்ள அனுப்பினாத்தான் கடைல பெருசாப் போட்டுத் தர முடியுமாம்."

"சரி, நீ போய் அப்பாகிட்ட சொல்லு."

கர்ட் தட்டைக் கிளறினான். காலையிலேயே சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தான். "அதுல அவ கடைய ஒடச்சு மாட்டிக்கிட்டவ மாதிரி முழிக்கிறா. என் பொண்டாட்டிய ஊர் முன்னால அப்படி நிறுத்த விடமாட்டேன்" என்று கத்திவிட்டு வெர்ன் கராஜுக்குள் போனவர் இன்னும் வெளியே வரவில்லை.

வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த குளியலறைதான் அம்மாவின் டார்க்ரூம். கழுவிய பிலிமை ஷவர் கம்பியில் துணிக் கிளிப் போட்டுத் தொங்கவிடுவாள். காயும்வரை யாரும் குளிக்கக்கூடாது. அங்கேயே நின்று தலையும் சீவுவாள், இடுப்புவரை தொங்கும் முடி. அடிக்கடி தொட்டி அடைத்துக்கொள்ளும். வெர்ன் ஒரு கம்பியை வளைத்து அடைப்புக்குள் விட்டு முழங்கால் போட்டு உட்காருவார். "சூப்புல முடி, லாரி ஸ்டியரிங்ல முடி, என் கோட்டுத் தோள்ல முடி. வெளிய போனா ஜனங்க என்னைய என்னன்னு நெனப்பாங்க?" என்பார். "பொண்டாட்டி இருக்கான்னு நெனப்பாங்க" என்பாள் அம்மா. கடைசி வருஷம் மருந்தில் முடியெல்லாம் கொட்டிப்போனது. பிறகு அடைப்பே வரவில்லை. அடைப்பெடுக்கும் கம்பி மட்டும் இன்னும் ஆணியில் தொங்கியது.

அடுத்த துண்டு பனிக்கட்டி ஏரியில் மீன் பிடித்த நாள். முதல் கட்டத்தில் இரண்டு பூட்ஸ். அடுத்ததில் தலையில்லாத ஒரு கோட்டு. ரோண்டா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"கர்ட், இது அம்மா எடுத்ததில்ல. இவ்ளோ கேவலமா அப்பாதான் எடுப்பாரு."

மூன்றாவது கட்டம் திரையில் மெல்ல இறங்கியது. தொப்பி வந்தது, நெற்றி வந்தது, பிறகு முகம் முழுசாக வந்தது. ஒரு கையில் மீன், இன்னொரு கை கேமராவைச் சுட்டி நீண்டிருந்தது. எந்தப் பொத்தானை அமுக்குவது என்று கணவருக்குக் கத்திச் சொல்லிக்கொண்டே அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

கர்ட் திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"மூஞ்சில கீறல் இருக்கே" என்றான் கர்ட். நெற்றியிலிருந்து தாடைவரை வெள்ளையாக ஒரு கோடு வளைந்து போயிற்று. "இரு, தூசி எடுக்கிற பட்டன் இருக்குல்ல" என்று குனிந்து அதைத் தட்டி, மறுபடி ஸ்கேனும் கொடுத்துவிட்டான்.

இந்த முறை கோடும் பாதி போயிருந்தது, அம்மாவின் கண்ணும் பாதி போயிருந்தது. ஈரத்துணியால் துடைத்ததுபோல முகம் இழுபட்டிருந்தது.

"ஐயோ, என்ன ஆச்சு?"

"கைய எடுடா. அது கலர் பிலிமுக்கு. கறுப்பு வெள்ளையில படமே வெள்ளித் தூள்தான். மிஷின் அம்மாவையே தூசின்னு நெனச்சுக்கிச்சு."

அவள் அந்தப் பட்டனை அணைத்துவிட்டுத் திரும்ப ஸ்கேன் செய்தாள். முகம் வந்தது, கோடும் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தாள். கீறல் இப்படிச் சுருளாது, நுனியில் மெலியாது. பிலிமை வெளியே எடுத்து மென்மையான பிரஷ்ஷால் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. ஈரத்தில் விழுந்து, பிலிமோடு சேர்ந்து காய்ந்திருந்தது.

"முடிடா."

"அம்மாவோடதா?"

"வேற யாரு அங்க தலை சீவினா?"

கர்ட் தட்டைக் கீழே வைத்தான். "கம்ப்யூட்டர்லயே அழிச்சிடலாம்ல?"

"ரெண்டு நிமிஷ வேலை."

அவள் வானத்திலிருந்த புள்ளிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். ஓரத்தில் இருந்த தண்ணீர்த் தடத்தை எடுத்தாள். மீன்மேல் இருந்த பொட்டையும் எடுத்தாள். பிறகு படத்தை அப்படியே அனுப்பிவிட்டாள்.

மறுநாள் பிரார்த்தனை முடிந்து, சர்ச்சின் கீழ்க்கூடத்தில் காபியும் ஹாம் சாண்ட்விச்சும் கொடுத்தார்கள். வாசலருகே தாங்கியில் படம் பெரிதாக நின்றது. பார்த்தவர்களெல்லாம் இவளுக்கு இப்படிச் சிரிக்கத் தெரியுமா என்றார்கள். கூட்டம் காபிப் பக்கம் நகர்ந்த பிறகு வெர்ன் தனியாக அதன் முன் வந்து நின்றார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குனிந்தார்.

"பாரு, இங்கயும் ஒரு முடி" என்றார்.

நகத்தால் எடுக்கப் பார்த்தார். வரவில்லை. விரலை நாக்கில் தொட்டுத் தேய்த்தார். கர்ட் சொல்ல வாயெடுத்தான். ரோண்டா அவன் கையைப் பிடித்து அழுத்தினாள்.

வெர்ன் இன்னொரு முறை நெற்றியிலிருந்து தாடைவரை விரலை மெதுவாக இழுத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். கண்ணாடியை இறக்கிக்கொண்டார். பிறகு தலையைத் திருப்பித் தன் கோட்டின் ஒரு தோளைப் பார்த்தார். இன்னொரு தோளையும் பார்த்தார்.