ஹெமெதியின் நான்கடி

ம்பகாலாவில் உள்ள அந்த ஒன்பது மாடிக் கட்டிடத்தில் எந்தச் சுவரும் நிரந்தரமில்லை. ஆள் கூடினால் சுவர் நகரும், குறைந்தாலும் நகரும். பெரிய ஆள் ஒருவருக்கு நான்கடி அகலம். அதற்குப் பதிலாக, வெளிப்பக்கம் மாடி மாடியாக ஏறிப்போகும் கீரைத் தட்டுகளில் ஒரு வரிசையை அவர் பார்த்துக்கொள்ள வேண்டும். தார் எஸ் சலாமில் இதைவிட மலிவாக வீடு கிடைக்காது என்பதால் யாரும் குறை சொல்வதில்லை. சொன்னாலும் கேட்க ஆளில்லை என்பது வேறு விஷயம்.

சிவேமா வீட்டில் பதிவேட்டின்படி இரண்டு பேர், அவளும் மகன் ஹெமெதியும். ஹெமெதி மூன்று வருடத்துக்கு முன் கில்வா பக்கம் மீன்படகில் போனான். படகும் திரும்பவில்லை, போன ஆறு பேரும் திரும்பவில்லை. மற்ற ஐந்து வீட்டாரும் உடல் இல்லாமலே தொழுது முடித்துவிட்டார்கள். சிவேமா மட்டும் மறுநாள் காலை எழுந்து, தன் வரிசைக் கீரையைப் பறித்து, மகன் வரிசையையும் பறித்து, இரண்டு கூடையையும் கீழே இறக்கி வைத்தாள். அன்று பிடித்த வேலையை இன்றுவரை விடவில்லை. அழுதாளா என்றால், இல்லை. சோறு போட்டால் சாப்பிட்டாள், பேசினால் பதில் சொன்னாள். உள்ளே மரத்துப்போயிருந்தது.

மாடியில் எல்லோருக்கும் இது தெரியும். தெரியாத மாதிரி இருப்பதில் அவர்கள் பலே கெட்டிக்காரர்கள். முதல் பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் தாயைக் கூப்பிடுவது வழக்கம். படகு போகும்வரை அவள் எல்லோருக்கும் ஹெமெதி அம்மா. பிறகு ஒவ்வொருவராக அவளைச் சிவேமா அக்கா ஆக்கிவிட்டார்கள். ஹெமெதி பெயரைச் சொன்னால் அவன் இருக்கிறானா இல்லையா என்று ஏதாவதொரு பக்கம் சாயவேண்டி வருமே.

ஒரு சனிக்கிழமை காலை, கட்டிடச் செயலாளர் ஷொமாரி பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான். பக்கத்து வீட்டு சொமோயேவுக்கு இரட்டைக் குழந்தை பிறந்திருந்தது. பார்த்துக்கொள்ள மாமியார் வந்திருந்தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் கிழவி மூணு வாரமா அடுப்பு மேடைக்குக் கீழ சுருண்டு படுத்துக் கெடக்கு. நான் என்ன பண்றது சொல்லுங்க."

"சுவரை நகத்து."

"நகத்தணும்னா பேரை எடுக்கணும்ல. ரெண்டு கட்டம் இருக்கு. 'வேற ஊர் போயாச்சு'ன்னு ஒண்ணு. 'காலமாயாச்சு'ன்னு ஒண்ணு." அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "ஊர் போயாச்சுன்னே போட்டுடறேன். பொய்யும் இல்ல பாருங்க."

ஷொமாரி நல்லவன். நல்லவர்கள் எப்போதும் நோகாத கட்டத்தைத்தான் நீட்டுவார்கள். சிவேமா பதிவேட்டைப் பார்த்தாள். ஊர் போனவனுக்கு ஒரே ஒரு சுவர்தான் நகரும், இரண்டு ஆள், பத்து நிமிஷ வேலை. செத்தவனுக்கு என்றால் அந்த மாடியின் எல்லாச் சுவர்களையும் ஓரத்துக்குத் தள்ளி, ஒன்பது வீட்டையும் ஒரே கூடமாக்கி, மூன்று நாள் பாய் விரித்து உட்காருவார்கள். ஊர் போனவனுக்கு யாரும் பாய் விரிப்பதில்லை.

"அடுத்த கட்டத்துல போடு" என்றாள், குழம்புக்கு உப்புப் பார்த்துச் சொல்வது போல.

விஷயம் கேள்விப்பட்டு சொமோயே கையில் ஒரு குழந்தையும் தோளில் ஒன்றுமாக ஓடிவந்தாள். "நான் கேக்கவே இல்லக்கா, சத்தியமா! எங்க மாமியார் உக்காந்துக்கிட்டே தூங்கிடும்."

"ஆமா, குதிரை மாதிரி நின்னுக்கிட்டேகூடத் தூங்குவேன்" என்றாள் பின்னால் வந்த மாமியார்.

மதியத்துக்குள் சுவர்கள் ஓரம் போயின. பெண்கள் கங்காத் துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு பாய்களில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். கீழே ஆண்கள் தொழுதார்கள். அண்டா அண்டாவாகச் சோறும் பீன்ஸும் வந்தன. எல்லோரும் அழுதார்கள், சிவேமாவைத் தவிர. நானே எழுதிக் கொன்றுவிட்டேன் என்று நினைத்துப் பார்த்தாள். அப்போதும் வலிக்கவில்லை. வலிக்காததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

இரண்டாம் நாள், கடைசி வீட்டு சவுசிகு டீக் குவளையை நீட்டினாள். நாக்குக்குப் பூட்டில்லாத பொம்பளை.

"ஹெமெதி அம்மா, ஒரு வாயாவது குடி."

சவுசிகு உதட்டைக் கடித்தாள். ஆனால் சிவேமா குவளையை வாங்கிக்கொண்டாள், அவ்வளவுதான். யாரோ மூச்சு விட்டார்கள்.

"அவன் இந்த டீயை அஞ்சு கரண்டி சக்கரை போட்டுல்ல குடிப்பான்" என்றது ஒரு குரல்.

"சக்கரையா? எங்க வீட்டு டப்பாவை நக்கியே காலி பண்ணினவனாச்சே."

"ஒரு தடவை கீரைக்கு விடற உரத்தண்ணித் தொட்டில துணி சோப்பைக் கொட்டினான் பாரு!" சவுசிகுவுக்குத் தைரியம் வந்துவிட்டது. "ஒம்போது மாடிக் கொழாயிலயும் நுரை. ஷொமாரி வழுக்கி விழுந்து ரெண்டு நாள் குப்புறப் படுத்துக் கெடந்தான்."

சாவுக்கு உட்கார்ந்த இடத்தில் சிரிக்கக் கூடாது என்று எல்லோரும் துணியால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பொத்தினாலும் தோள் குலுங்கியது. ஆளாளுக்கு ஒரு ஹெமெதியை எடுத்து வைத்தார்கள். பதிவேட்டில் அவனை உயிரோடு வைத்திருந்த மூன்று வருடத்தில், ஒரு வாய்கூட இப்படி அவன் பெயரைச் சொன்னதில்லை. சிவேமா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"துணி சோப்பு இல்ல" என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"என் தலைக்குப் போடற ஷாம்பு. புது பாட்டில். முழுசையும் ஊத்திட்டு வந்து நிக்கிறான், நாசமாப் போறவன்."

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்ததென்று அவளுக்குக் கேட்டது. சொமோயே கையைப் பிடிப்பதற்குள் சிவேமா அழ ஆரம்பித்திருந்தாள்.