வேலி போடும்வரை

கிளினிக்கிலிருந்து போன் வந்தபோது சின்னி ஒரு கண்ணாடி வில்லையைச் சாணையில் பிடித்திருந்தாள். "உங்க மாமனார் இங்க லிப்ட் முன்னாடி நிக்கிறாரு. யாரையும் ஏற விடமாட்டேங்கிறாரு," என்றாள் வரவேற்பில் இருந்த பெண். கோபமாகச் சொல்லவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். சின்னிக்கு அதுதான் சுருக்கென்றது.

அவள் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து கிளினிக் நான்கு தெரு தள்ளி. ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது, மாமா லிப்ட் கதவுக்குக் குறுக்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, கையில் ஸ்க்ரூ டிரைவருடன் நின்றிருந்தார். நோயாளிகள் முனகிக்கொண்டே மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார்கள். முப்பத்துநான்கு வருடம் லிப்ட் மெக்கானிக்காக இருந்த மனிதர் அப்படி உறுதியாக நின்றால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

"மூணாவது மாடியில ஆள் மாட்டிக்கிட்டிருக்கும்மா," என்றார் அவளிடம். "கரண்ட்ட நிறுத்தச் சொல்லு."

"எடுத்துட்டாங்க மாமா. அவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க. வாங்க, நாமளும் போலாம்."

மாமா நினைவு தப்பி வீட்டைவிட்டுக் கிளம்பியது அந்த மாதத்தில் அது மூன்றாவது முறை. முதல் தடவை தெருமுனையில் பிடித்தார்கள். இரண்டாம் தடவை ஒற்றைச் செருப்புடன் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு அவள் கணவன் வாசல் கதவுக்கு இன்னொரு பூட்டு வாங்கி மாட்டினான். மாமா பூட்டைத் தொடவே இல்லை. கீல்களைக் கழற்றி, கதவைத் தூக்கிச் சுவரில் சாத்திவிட்டு, ஆணிகளை ஒரு கிண்ணத்தில் பத்திரமாகப் போட்டுவிட்டுக் கிளம்பியிருந்தார்.

"வீட்டுக்குள்ள அடைச்சு வைக்க முடியாது. அப்பாவுக்கு நடந்தாகணும். தோட்டத்தைச் சுத்தி வேலி போட்டுட்டா உள்ளேயே நடந்துக்கிட்டு இருப்பாரு," என்றான் கணவன். விமான நிலையத்தில் சாமான் ஏற்றி இறக்கும் வேலை அவனுக்கு. விடியற்காலையில் போனால் மதியம் தாண்டித்தான் வருவான். "இந்த வாரமே போட்டுடணும் சின்னி."

வேலிக்காரர் மறுநாளே வந்தார். காதில் பென்சில், இடுப்பில் அளவு நாடா, வாய் நிறையக் கேள்வி. அவர் நாலு கம்பத்தை நட்டுவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்திருந்தாள் சின்னி.

"எல்லைக்கல் எங்க இருக்கு?"

"அந்தச் செடி வரிசைதான் எல்லை."

"செடி எங்க வேணாலும் முளைக்கும். கல்லு எங்க?"

அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டில் பேசியாயிற்றா என்றார் அடுத்து. பேசவில்லை. தெரு திரும்பும் மூலையில் இடுப்பு உயரத்துக்கு மேல் போடக் கூடாது, வண்டி ஓட்டுகிறவர்களுக்குக் கண் மறைக்கும், அதற்கு நகராட்சியில் கேட்கவேண்டும் என்றார். மூலையை விட்டு வீட்டுச் சுவரோடு சேர்த்து வேலியை உள்ளே திருப்பிவிடலாம் என்று அவரே வழியும் சொன்னார். பிறகு மண்ணைக் காலால் தட்டினார்.

"அடியில என்னென்ன போகுது?"

"அடியிலயா?"

"கேஸு, தண்ணி, கரண்டு. மூணடி தோண்டுவோம்மா. இதையெல்லாம் பார்த்துச் சொல்ற ஆபீஸுக்கு எழுதிப் போட்டா அவங்களே வந்து குழாய் போற வழியில அடையாளக் கொடி நட்டுட்டுப் போவாங்க. பத்து நாள் ஆகும். கொடி இல்லாம நான் மெஷினை இறக்க மாட்டேன்."

"பத்து நாளா?" என்றாள் சின்னி. உள்ளே மாமா ஜன்னலுக்கு ஜன்னல் நடக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "அண்ணே, எங்க நிலைமை உங்களுக்குப் புரியல."

வேலிக்காரர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "புரியுது. எங்க சித்தப்பாவும் இப்படித்தான் இருந்தாரு," என்றார். "அதனாலதான் இன்னொண்ணும் கேக்கிறேன். வெளிய தெரியிற மாதிரி கம்பி போடவா, தெரியாத மாதிரி பலகை போடவா? தெரிஞ்சா போகணும்னு தோணும். தெரியலைன்னா அடைஞ்சு கிடக்கிறோம்னு தோணும். யோசிச்சுச் சொல்லுங்க. தாழ்ப்பாளை அவரு கைக்கு எட்டாத இடத்துல வெக்கலாம், கீல் ஆணியை வெளிப்பக்கம் வெக்கலாம். ஆனா வீட்ல தீப்பிடிச்சா அவரு எப்படி வெளிய வருவாரு, அதையும் யோசிங்க."

அவர் போன பிறகு சின்னிக்குத் தலை கிறுகிறுத்தது. ஒரு வேலிக்கு இத்தனையா?

பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். தெருவே அவரைக் கண்டக்டர் என்றுதான் கூப்பிடும். காய்ந்த இலை யார் பக்கம் விழுந்தது, யார் கூட்டுவது என்று அவருக்கும் சின்னியின் கணவனுக்கும் இரண்டு வருடத்துக்கு முன் வாய்த்தகராறு. அன்றிலிருந்து பேச்சு இல்லை. அந்தப் படியை ஏறும்போது அவளுக்குக் கால் கூசியது.

கண்டக்டர் முழுக்கக் கேட்டார். உள்ளே போய், நான்காக மடித்த நில வரைபடத்தைக் கொண்டுவந்து மேசைமேல் விரித்தார்.

"அந்தச் செடியை வெச்சவன் நான். சரியா எல்லையிலதான் வெச்சிருக்கேன்னு நினைச்சேன். அப்புறம் அளந்து பார்த்தா ஒன்றரை அடி என் இடம் உங்க பக்கம் கிடக்கு. போனாப் போகுதுன்னு விட்டுட்டேன். ஆனா வேலின்னு வந்தா…"

"உங்க எல்லையிலேயே போடுறோம் சார்," என்றாள் சின்னி. "எங்க பக்கம் ஒன்றரை அடி தள்ளியே போடுறோம்."

சண்டைக்குத் தயாராக இருந்த மனிதர் வரைபடத்தை என்ன செய்வதென்று தெரியாமல் மடித்தார். "உங்க வீட்டுக்காரரைக் கேக்க வேணாமா?"

"அவருக்கு வேலி வேணும். எனக்கும் வேணும்."

ஆபீஸ் ஆட்கள் பத்தாம் நாள் வந்தார்கள். அந்தப் பத்து நாளும் எப்படிப் போனது என்று கேட்டால் சின்னியால் சொல்ல முடியாது. கடையில் விடுப்பு கேட்டாள். முதலாளி பாதிச் சம்மதத்துடன் கொடுத்தார். குளிக்கும்போது கதவைத் திறந்து வைத்துக் குளித்தாள். சோறு வடிக்கும்போது ஒரு கண் அடுப்பில், ஒரு கண் தோட்டத்தில். மாமா உட்கார்ந்தால் அவளும் உட்கார்ந்தாள். அவர் எழுந்தால் எழுந்தாள். "ஆள் மாட்டிக்கிட்டிருக்கு" என்று ஒரு நாளைக்கு இருபது முறை சொல்வார். "எடுத்துட்டாங்க மாமா" என்று இருபது முறை சொல்வாள். இருபத்தோராவது முறை பல்லைக் கடித்துக்கொண்டு அறைக்குள் போய் நின்றுவிட்டு வருவாள்.

ஆபீஸ் ஆட்கள், அடியில் ஓடுவதைக் கண்டுபிடிக்கும் கருவியைத் தரையில் தேய்த்துக்கொண்டே நடந்தார்கள். தண்ணீருக்கு நீலக் கொடி, மின்சாரத்துக்குச் சிவப்பு, கேஸுக்கு மஞ்சள். தோட்டம் முழுக்கச் சின்னச் சின்னக் கொடிகள் காற்றில் படபடத்தன. நாளைக் காலை மெஷினோடு வருகிறேன் என்று வேலிக்காரர் போனில் சொன்னார். சின்னி மூச்சு விட்டாள்.

அன்று சாயங்காலம் துணி மடித்து வைத்துவிட்டு அவள் வெளியே வந்தபோது ஒரு கொடிகூட இல்லை. மாமா அத்தனையையும் பிடுங்கி, நிறம் வாரியாகப் பிரித்து, ரப்பர் வளையம் போட்டுக் கட்டிக் கையில் வைத்திருந்தார்.

"யாரோ கண்ட இடத்துல போட்டுட்டுப் போயிருக்காங்க," என்றார். வேலையை முடித்த திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆபீஸுக்குத் திரும்ப எழுத வேண்டும். இன்னும் பத்து நாள். கடை முதலாளியின் முகம் நினைவுக்கு வந்தது. குளியலறையின் திறந்த கதவு நினைவுக்கு வந்தது. கணவன் உள்ளே அசந்து தூங்கிக்கொண்டிருந்தான், எழுப்பவில்லை. எழுப்பினால் வேண்டாம் என்பான். அது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

கொடிக் கட்டுகளை வாங்கிக்கொண்டு மறுபடி நட ஆரம்பித்தாள். நீலம் குழாயடியிலிருந்து நேராகப் போனது; அது சுலபம். சிவப்பு மீட்டர் பெட்டியிலிருந்து. சில இடங்களில் கொடிக்கம்பியின் சின்ன ஓட்டை மண்ணில் தெரிந்தது. பல இடங்களில் மாமாவின் கால்தடம்தான் தெரிந்தது. மஞ்சள்தான் குழப்பியது. அது தோட்டத்தின் பாதியில் ஒரு வளைவு வளைந்து போனதாக ஞாபகம். துவைக்கும் கல்லுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? இந்தப் பக்கம்தான் என்று நட்டாள். பிறகு பிடுங்கி, ஒரு சாண் தள்ளி நட்டாள். அதையும் நின்று பார்த்தாள். இருட்டுவதற்குள் உள்ளே வந்துவிட்டாள்.

காலையில் வேலிக்காரர் இரண்டு ஆட்களுடன் வந்தார். வரைபடத்தையும் செடி வரிசைக்கு இந்தப் பக்கம் ஒன்றரை அடி தள்ளிப் புதைந்திருந்த எல்லைக்கல்லையும் ஒத்துப் பார்த்து, கயிறு பிடித்து, கம்பம் நட வேண்டிய இடங்களில் சுண்ணாம்புப் புள்ளி வைத்தார். மஞ்சள் கொடிகளைப் பார்த்துக்கொண்டே நடந்தவர், துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கணம் நின்றார். பிறகு மேலே நடந்தார். அங்கே வைத்த புள்ளி கொடியிலிருந்து நான்கடி விலகியே இருந்தது.

மெஷின் உறுமியது. இரண்டு ஆட்களும் அதன் கைப்பிடியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்ள, திருகு மண்ணைக் குடைந்து இறங்கியது. முதல் குழி. இரண்டாவது. சத்தம் கேட்டுக் கண்டக்டர் அவர் வீட்டுப் படியில் வந்து நின்றார். மாமா வேடிக்கை பார்த்தார். மூன்றாவது. சின்னி சமையலறைக்குப் போனாள். எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வந்தாள். டம்ளரில் தண்ணீர் எடுத்தாள், குடிக்காமல் வைத்தாள். நான்காவது குழி முடிந்து, மெஷினை அணைக்காமலே தூக்கிக்கொண்டு ஐந்தாவது புள்ளிக்கு, துவைக்கும் கல்லை நோக்கி நடந்தார்கள். அந்த ஆட்களில் ஒருவன் ஏதோ சொல்ல, மற்றவன் சிரித்தான்.

"நிறுத்துங்க," என்றாள் சின்னி.

மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அவள் ஓடிப்போய் அந்தச் சுண்ணாம்புப் புள்ளியின் மேலேயே நின்றாள்.

"என்னம்மா ஆச்சு?" வேலிக்காரர் கையசைக்க, மெஷின் அடங்கியது.

"கொடியெல்லாம் நான் நட்டது. ஆபீஸ் ஆளுங்க நட்டதை மாமா பிடுங்கிட்டாரு. ஞாபகத்துல நட்டேன். மஞ்சள் சரியாத் தெரியல."

வேலிக்காரர் காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சட்டைப்பையில் வைத்தார். ஒரு மண்வெட்டியை வாங்கி, அவளை நகரச் சொல்லி, அந்தப் புள்ளியில் தானே தோண்டினார். மண்ணைச் சீவுவது போல், ஒவ்வொரு அடுக்காக. முட்டி ஆழம் போனதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையால் துழாவினார். மஞ்சள் குழாய் பளிச்சென்று தெரிந்தது. புள்ளிக்கு நேர் கீழே, ஒரு விரல்கூட விலகாமல்.

"என் ஆளுங்க ரெண்டு பேரு அந்த மெஷினைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்கம்மா," என்றார். குரல் உயரவில்லை. "இவனுக்குக் கல்யாணம் ஆகி ஆறு மாசம்."

சின்னியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவர்கள் குழிகளை மூடி மண்ணை மிதித்தார்கள், சாமான்களை வண்டியில் ஏற்றினார்கள். போகும்போது வேலிக்காரர் வண்டிக் கண்ணாடியை இறக்கினார்.

"திரும்ப ஆபீஸுக்கு எழுதிப் போடுங்க. அவங்க கொடி நட்டவுடனே போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க. வர்றதா இல்லையான்னு அப்புறம் சொல்றேன்."

மதியம் வந்த கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் மூடிய குழியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "என்னை எழுப்பியிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டான்.

மறுநாள் காலை, செடி வரிசையின் இடைவெளியில் கண்டக்டர் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நீ வேலைக்குக் கிளம்பும்மா. இன்னும் பத்து நாள் லீவு போட்டா உன் முதலாளி வேற ஆளைப் பார்த்துடுவான். எனக்கு வீட்ல என்ன வேலை இருக்கு?"

"உங்களுக்கு எதுக்கு சார் சிரமம்? அவரு உக்கார மாட்டாரு."

"நாற்பது பேரு ஏறுற வண்டியில எண்பது பேரை நிறுத்தி வெச்சவன்மா நான்."

அவள் நம்பிக்கையில்லாமல்தான் போனாள். மதியம் பதறிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தால், இரண்டு நாற்காலிகள் இருந்தன. மாமா எழுந்தார். "நான் போகணும். ஆள் மாட்டிக்கிட்டிருக்கு," என்றார்.

"உங்க ஸ்டாப் இன்னும் வரல," என்றார் கண்டக்டர், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். "வந்ததும் சொல்றேன். உக்காருங்க."

மாமா உட்கார்ந்தார். ஐந்து நிமிடம் கழித்து எழுந்தார். மறுபடி அதே பதில். கண்டக்டருக்குச் சலிக்கவே இல்லை. சின்னி கதவோரம் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது.

பன்னிரண்டாம் நாள் ஆபீஸ் ஆட்கள் வந்தார்கள். அவள் பதினேழு போட்டோ எடுத்து அனுப்பினாள். ஒவ்வொரு கொடிக்குப் பக்கத்திலும் அளவு நாடாவை விரித்து வைத்து எடுத்திருந்தாள். அரை மணி நேரம் கழித்து வேலிக்காரர் ஒரே வரி எழுதினார்: "நாளைக்கு வர்றோம்."

ஐந்தாவது கம்பம் மூன்றடி தள்ளிப் போனது. இடுப்பு வரை பலகை, அதற்கு மேல் கம்பி என்று அவள்தான் முடிவு செய்தாள். வேலியின் முன்பக்கக் கதவுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம், உயரத்தில். கண்டக்டர் வீட்டுப் பக்கம் ஒரு சின்னக் கதவு, அதற்குச் சாவி அவரிடம் ஒன்று, இவர்களிடம் ஒன்று. தீயோ வேறெதுவோ வந்தால் அந்த வழி. பலகையின் வழவழப்பான நல்ல பக்கத்தைக் கண்டக்டர் பார்க்கும்படி வைக்கச் சொன்னவன் அவள் கணவன். அதைக் கண்டக்டரிடம் நேரில் போய்ச் சொன்னதும் அவன்தான். கம்பத்தடியில் ஊற்றிய சிமெண்ட் இறுகும்வரை வேலியில் யாரும் சாயக் கூடாது என்று சொல்லிவிட்டு, மெஷின் பிடித்த இருவருக்கும் அவள் கொடுத்த டீயை அவர்கள் வாங்கிக் குடித்ததைப் பார்த்த பிறகே வேலிக்காரர் வண்டியில் ஏறினார்.

சிமெண்ட் காய்ந்த மறுநாள், வேலையிலிருந்து வந்த சின்னி, மாமா வேலியைத் தடவிக்கொண்டே தோட்டத்தைச் சுற்றி வருவதைப் பார்த்தாள். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. முன்பக்கக் கதவுக்கு வந்ததும் நின்றார். கம்பிகளுக்கிடையே விரலை விட்டார், தள்ளினார், கீலைத் தேடினார். கிடைக்கவில்லை. மறுபடி ஒரு சுற்றுப் போய்விட்டு அதே இடத்துக்கு வந்தார். நெஞ்சிலிருந்த கல் இறங்கியது போலவும், அதைவிடப் பெரிய கல் ஒன்று ஏறி உட்கார்ந்தது போலவும் இருந்தது அவளுக்கு.

பையை வைத்துவிட்டு அவரிடம் போனாள். அவர் அவளை அடையாளம் தெரியாமல் பார்த்தார்.

"உங்களுக்கும் வெளிய போகணுமாம்மா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"ஆமா," என்றாள்.

கம்பிக்கு மேலே கையை எட்டித் தாழ்ப்பாளை நீக்கினாள். அவர் முதலில் நகரவில்லை. கதவு திறந்துவிட்டதை நம்பாதவர் போல நின்றார். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் தெருமுனைவரை நடந்தார்கள். அவர் வேகமாக நடந்தார். அவருக்கு ஈடு கொடுக்கவே அவளுக்கு மூச்சு வாங்கியது. அங்கிருந்து திரும்ப அவருக்கு மனமில்லை. சரி என்று அடுத்த தெருவையும் சுற்றிக்கொண்டு வந்தார்கள்.