பவுரோ மாமாவிடம் கேட்டது

"மூத்திரம் என்ன நிறத்துல போகுது?" என்று கபோவாவிடம் கேட்டேன்.

காலையில் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்கிற கேள்வியா இது என்று முகம் சுளிக்காதீர்கள். காசநோய்க்காரர்களுக்கு வீடு வீடாகப் போய் மாத்திரை கொடுக்கிறவள் நான். அந்த மாத்திரை உள்ளே போனால் மூத்திரம் ஆரஞ்சு நிறத்தில் வந்தே தீரும். வாய் பொய் சொல்லும், அது சொல்லாது.

கபோவா வலையை மடித்தபடி பல்லைக் காட்டினான். "தண்ணி மாதிரி தெளிவா போகுதுக்கா!"

"அடப்பாவி! அப்ப மாத்திரை எங்கடா?"

எப்போதும் என் கண் முன்னால்தான் விழுங்க வைப்பேன். தூரக்கடலுக்கு மீன் பிடிக்கப் போகிறான் என்று இந்த ஒரு வார மாத்திரையை மட்டும் நம்பிக் கையில் கொடுத்திருந்தேன்.

"பவுரோ மாமா கேட்டாருக்கா. புபுசின்னு சொல்லிக் கேட்டுட்டாரு. நான் என்ன பண்ணட்டும்?"

கோபம் தலைக்கேறியது. ஆனால் அவனைத் திட்டவும் முடியாது. பசிபிக் கடல் நடுவே கிடக்கிற எங்கள் கிரிபாஸ் தீவுகளில் சொந்தக்காரர் ஒருவர் 'புபுசி' என்று கேட்டுவிட்டால், ஓட்டுகிற சைக்கிளானாலும் உடுத்திய சட்டையானாலும் கழற்றிக் கொடுத்தாக வேண்டும். இல்லை என்றவன் அப்புறம் வெளியே தலைகாட்ட முடியாது.

"அவருக்கு எதுக்குடா உன் மாத்திரை?"

"ரொம்ப நாளா இருமல்க்கா. ரத்தமும் வருதாம். ஆஸ்பத்திரிக்குப் போனா ஊரு ஒதுக்கிரும்னு பயம். இன்னிக்கு அவரும் அத்தையும் பேரப்பிள்ளைங்ககிட்ட ஓனோதோவா தீவுக்குக் கப்பல் ஏறுறாங்க."

அரைகுறையாய் மருந்து தின்றால் கிருமிக்குத் திமிர் ஏறிவிடும், பிறகு எதற்கும் மசியாது. அந்தத் தீவில் ஒரே தாழம்பாயில் உருண்டு படுக்கும் பேரப்பிள்ளைகள் வேறு! கப்பல் இனி எப்போது திரும்பும் என்று அதன் கேப்டனுக்கே தெரியாது. அந்த மனிதரை இறக்கியே ஆக வேண்டும்.

"முதல்ல நீ முழுங்கு!" பையிலிருந்து அன்றைய மாத்திரையை எடுத்துக் கொடுத்து, தொண்டை அசைவதைப் பார்த்த பிறகுதான், "வண்டிய எடுடா!" என்றேன்.

பன்றிகளும் பிள்ளைகளும் சிதறி ஓட, கபோவா வண்டியை விரட்டினான். என் ஒரு செருப்பு எங்கேயோ பறந்தது. கழுதை, போகட்டும்!

துறைமுகத்தில் அரிசி மூட்டைகளும், கால் கட்டிய பன்றிகளும், வழியனுப்ப வந்த சனமும் நெரிந்தன. கபோவா கைகாட்டிய பக்கம், கப்பலின் மேல்தட்டு ஓரமாகப் பவுரோ நின்றிருந்தார். அவர் மனைவி தெயுனா மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள்.

"மாமா! கீழ இறங்குங்க!" என்று கத்தினேன்.

"யாரும்மா நீ? நான் எதுக்கு இறங்கணும்?"

நாக்கு நுனி வரைக்கும் வந்ததைக் கடித்துக்கொண்டேன். இத்தனை பேர் நடுவில் இருமல் என்று ஒரு வார்த்தை விட்டால் அவர் மானம் போய்விடும். பிறகு இந்த ஜென்மத்தில் இறங்க மாட்டார். கப்பல் ஊதியது. கரைக்கும் கப்பலுக்கும் நடுவே போட்டிருந்த பலகையை இழுக்க ஒரு மாலுமி குனிந்தான்.

அப்போதுதான் பொறி தட்டியது. அவர் கேட்டு வாங்கினாரே, நான் கேட்டால் என்ன? நான் வீம்புக்காரி, இதுவரை யாரிடமும் எதையும் கேட்டதில்லை. சொந்தம் வேண்டுமே! என் அம்மா தெகாரா ஓனோதோவாக்காரிதான். சொந்தம் தோண்டி எடுப்பதா எங்களுக்குக் கஷ்டம்?

"மாமா! நான் தெகாரா பொண்ணு! உங்க அப்பாவும் எங்க தாத்தாவும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க! புபுசி மாமா! உங்க பயணத்த எனக்குக் குடுங்க!"

பயணத்தை யாரும் யாரிடமும் கேட்டதில்லை. மாலுமி பலகையை விட்டுவிட்டு வாயைப் பிளந்தான். "கேட்டுட்டா பாரு! பெரியவரே, குடுத்துத்தான் ஆகணும்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"என் பயணம் உனக்கு எதுக்கு?" பவுரோ முறைத்தார்.

"காரணம் கேக்கலாமா மாமா? கபோவா உங்ககிட்டக் கேட்டானா?"

அவர் பார்வை என் பக்கத்தில் நின்ற கபோவாவிடம் போய், கீழே தாழ்ந்தது. மனைவியிடம், "நீ போ. பேரப்பிள்ளைங்கள நீ பாத்துக்க" என்றார். பலகையில் கால் வைத்தார்.

கிட்டே வந்ததும் என் காதோரம் கேட்டார். "எத்தன மாசத்த எடுத்துக்கப் போற?"

"ஆறு மாசம் மாமா. தினமும் வருவேன்."

"கொள்ளைக்காரி" என்று சிரித்தார். சந்தோஷத்தில் என் கால் தரையில் பாவவில்லை. ஜெயித்துவிட்டேன்! கபோவாவைப் பிடித்து உலுக்கினேன்.

"ஏண்டி பொண்ணே!"

எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். மேல்தட்டில் தெயுனா அத்தை எழுந்து நின்றாள். "அவர மட்டும்தான் கேப்பியா? என்னை யாரு கேப்பா?" என்றாள். அதற்குமேல் பேச முடியவில்லை. துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கக் குலுங்க இருமினாள்.

சீ, என் புத்தியே! இவளையா பிள்ளைகளிடம் அனுப்பப் பார்த்தேன்!

"புபுசி அத்தை!" என்று அலறியபடி பலகையில் பாய்ந்தேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவளுடைய மூட்டை வந்து என் நெஞ்சில் விழுந்தது.