தெருவெல்லாம் பல்வலி

“எந்தப் பல்லு? வாயைத் திற, பாப்போம்.”

மாமியார் விடுவதாக இல்லை. தையல்காரி ஜன்னல் வெளிச்சத்துக்கு வந்து வாயைத் திறந்தாள். முப்பத்தொன்பது வயதிலும் முப்பத்திரண்டு பல்லும் முத்து முத்தாக உட்கார்ந்திருந்தன. ஒன்றாவது சொத்தையாகி மானத்தைக் காப்பாற்றக் கூடாதா?

“கடைசிப் பல்லு அத்தை. உள்ளுக்குள்ள குடையுது.”

“குடையுற பல்லோடதான் நேத்து அவ்வளவு கடலைய நொறுக்கினியாக்கும்?”

“நொறுக்கின பிறகுதான் அத்தை ஆரம்பிச்சுது.”

மாமியார் முகவாயை விட்டாள். “சரி, போயிட்டுச் சுருக்க வா.”

வலி பல்லில் இல்லை. இரண்டு மாதமாகக் கணக்குத் தப்பிய நாட்களில் உதிரப்போக்கு. தையல் மெஷினில் உட்கார்ந்தால் எழுந்திருக்கப் பயம். புற்றுநோயாக இருந்தால் என்ன செய்வது என்று நினைத்து நினைத்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. யாரிடமாவது சொல்லலாம் என்றால் அவள் கணவன் இறந்து மூன்று வருடமாகிறது. புருஷன் இல்லாதவள் பெண்கள் டாக்டரிடம் போனால், எதற்குப் போனாள் என்று தெருவே கதை கட்டிவிடும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

போன மாதம் சுகாதார நிலையத்து நர்ஸ் வீடு வீடாக வந்தாள். முப்பது வயது தாண்டிய பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை, காசு வேண்டாம் என்று ஒரு நோட்டீஸை நீட்டினாள். மாமியார் அதைத் தொடக்கூட இல்லை.

“எங்க வீட்ல அதுக்கு ஆளு இல்லம்மா. என் பெரிய பையன் போய்ச் சேர்ந்துட்டான்.”

வாசலில் இரண்டு பெண்கள் நின்றுகொண்டிருக்க, வீட்டில் ஆள் இல்லையாம். நர்ஸ் பழம் தின்று கொட்டை போட்டவள். தையல்காரியின் வெளுத்த முகத்தைப் பார்த்தபடியே செருப்பை மாட்டினாள். “மாடில இடது பக்க ரூம் எங்களோடது. வலது பக்கம் பல் டாக்டர். படி ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்,” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அந்தப் படியில்தான் தையல்காரி இப்போது ஏறினாள். மேலே நீள பெஞ்சில் மாவுமில்காரர் மனைவி உட்கார்ந்திருந்தாள். இவளைக் கண்டதும் அவள் கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

“பல்லு,” என்றாள்.

“எனக்கும்.”

அடுத்து இருந்த பள்ளிக்கூடத்து டீச்சர், கல்யாணம் செய்துகொள்ளாதவள், கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “எனக்கு ஈறு வீக்கம்.” மூலையில் ஒரு சின்னப் பெண்ணும் அவசரமாகத் தாடையைப் பிடித்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து வலது பக்கக் கதவு திறந்தது. பல் டாக்டர் தலையை நீட்டினார். “பல்லுக்கு யாராச்சும் இருக்கீங்களா?”

ஒருத்தியும் அசையவில்லை. அவர் பெஞ்சை ஒருமுறை பார்த்தார், பெருமூச்சு விட்டார், மறுபடி செய்தித்தாளுக்கே போய்விட்டார்.

முதலில் சிரித்தது டீச்சர்தான். பிறகு பெஞ்சே குலுங்கியது. கன்னத்திலிருந்த கைகளெல்லாம் இறங்கின. மாவுமில்காரர் மனைவி நாலாவது குழந்தை வேண்டாமென்று கருத்தடை வளையம் போட வந்திருந்தாள். வீட்டில் தெரிந்தால் வெட்டுப்பழி குத்துப்பழிதான். கல்யாணமாகாதவளுக்கு அந்த அறையில் வேலையே இல்லை என்று டீச்சரின் அண்ணன் தீர்ப்பு சொல்லியிருந்தானாம். சின்னப் பெண் எதுவும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

டாக்டரம்மா பொறுமையாகப் பரிசோதித்தாள். சின்னத் துணுக்கு ஒன்றை எடுத்துக் குப்பியில் போட்டாள். “ரெண்டு மாசமா இருக்குங்கிறீங்க, ஏன் அப்பவே வரல?”

“பல்லு வலிக்கலையே டாக்டர்,” என்றாள் தையல்காரி. டாக்டரம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பத்து நாள் கழித்து முடிவு வாங்கப் போனபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. 

“புத்துநோய் இல்லம்மா,” என்றாள் டாக்டரம்மா. “ஆனா அதுக்கு முந்தின கட்டம். சில வருஷம் விட்டிருந்தா மாறியிருக்கலாம். இன்னைக்கே சரி பண்ணிடலாம், கொஞ்ச நேர வேலை. ஆறு வாரம் கழிச்சு வாங்க. அப்புறம் வருஷம் ஒரு தடவை.”

தையல்காரி அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மேஜையில் படுத்தாள். வேலை முடிந்து படியிறங்கும்போது யோசித்தாள். வருஷா வருஷம் சொல்லப் பல்லுக்கு எங்கே போவது? பிழைத்ததற்கு என்ன பொய் வேண்டிக்கிடக்கிறது? வயிறு லேசாக வலித்தாலும் நடை லேசாகிவிட்டது.

வீட்டில் கொழுந்தன் காத்திருந்தான். பஸ் கண்டக்டர். டிக்கெட் பையைத் தோளிலிருந்து இறக்காமலே கேட்டான்.

“அண்ணி, நீங்க லேடி டாக்டர் ரூம்லேருந்து வந்தீங்களாமே. எங்கண்ணன் இல்லாதப்ப உங்களுக்கு அங்க என்ன வேலை? நாலு பேரு என்ன நினைப்பாங்க?”

தையல்காரி ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடித்தாள்.

“தம்பி, உங்கண்ணன் போறப்ப என் கர்ப்பப்பையைக் கூடவே எடுத்துட்டுப் போகல. அது என்கிட்டதான் இருக்கு. அதுல நோவு, காட்டினேன், சரி பண்ணிட்டாங்க. ஆறு வாரம் கழிச்சு மறுபடி போவேன். அந்த நாலு பேரு கேட்டா இதையே சொல்லுங்க.”

அறுபது பேரை ஒற்றை ஆளாக அதட்டி உள்ளே தள்ளுகிறவன் துணைக்கு ஆள் தேடினான். அம்மாவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ டியூட்டிக்குக் கிளம்புடா,” என்றாள்.

அவன் போன பிறகு மாமியார் மெஷின் பக்கம் வந்தாள். வெட்டிய துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“அந்த டாக்டரு பொம்பளதானே?”

“பொம்பளதான் அத்தை. ஏன்?”

“எந்திரிச்சு நின்னா ஏதோ அடியில இறங்குற மாதிரி இருக்கு.”

தையல்காரி மெஷினை நிறுத்தினாள். “எத்தனை நாளா?”

“உன் மாமா போறதுக்கு முன்னாடிலேருந்தே. பதினாலு வருஷம் இருக்கும்.”

“பதினாலு வருஷமா ஏன் அத்தை சொல்லல?”

“யாருகிட்டச் சொல்றது?” என்றாள் மாமியார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இருவரும் செருப்பு மாட்டினார்கள். கொழுந்தன் வாசலில்தான் நின்றான். எங்கே போகிறீர்கள் என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களே என்ற பயம்.