ஏழாவது மெயின்

...ஆறு என்று இருந்ததை ஏழு என்று மாற்றினேன், அவ்வளவுதான் நான் செய்தது, சிவப்பு மையில் ஒரு சுழி, ஓரத்தில் ஓர் எண், கீழே என் கையெழுத்து, அடுத்த பக்கம். சரஸ்வதிபுரம் ஆறாவது மெயின் ரோட்டில் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. ‘ஆறாவது மெயின், டிரான்ஸ்ஃபார்மருக்கு எதிர்வீடு, கணவர் பம்பாயில், வியாழன்தோறும் வாசலில் ஒரு ஸ்கூட்டர், பகலில் மகளிர் கல்லூரியில் பெண்பிள்ளைகளுக்குப் பாடம்’ என்று எழுதியிருந்தால் தப்பு கண்ணை உறுத்தாதா? ஏழு வருடமாக இந்தக் கன்னட வாரப் பத்திரிகையில் இரவு ஷிப்டில் புரூஃப் பார்க்கிறேன், தப்பைக் கண்டால் கை தானாகப் போகிறது, மாட்டின் வால் ஈயை விரட்டுவது போல. அந்த வீடு யாருடையது என்று அப்போது தோன்றவே இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நானே நம்ப மாட்டேன். ஏழாவது மெயினில்தான் அந்த டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? அதன் அடியில் எத்தனை தடவை சைக்கிளை நிறுத்தியிருக்கிறேன், நோட்ஸ் கொடுக்க, வாங்க, சும்மா... பக்கம் ஒட்டுகிற மல்லப்பன்தான், கௌதள்ளிக்காரர், நான் திருத்தியதைப் படித்துவிட்டுச் சிரித்தார். “ஏனுங்க எம்.ஏ., இனி ஆட்டோக்காரன் அட்ரஸ் கேக்க வேண்டியதே இல்லீங்க, நேராக் கொண்டுபோய் எறக்கி உட்டுருவான். அப்படியே வாசல் மணி எங்க இருக்குதுன்னும் போட்டுருங்க, அமுத்துறதுக்குச் சௌகரியமா இருக்கும்.” எனக்கும் சிரிப்பு வந்தது, அதுதான் விஷயம், சிரித்தேன், டீ குடித்தேன், டீயின் கடைசி மடக்கில்தான், என்னோடு எம்.ஏ. படித்த பிரதிபாவின் பெயர் மனதில் வந்தது, அதற்குள் அச்சுப் பிளேட் போய்விட்டது, கீழே மிஷின் ஓடும் அதிர்வு காலில் ஏறியது. மிஷினை நிறுத்தச் சொல்லியிருக்கலாம். யாரிடம்? என்னவென்று? ஐயா, நான் சரியாகத் திருத்திவிட்டேன், தயவுசெய்து பழைய தப்பையே போடுங்கள் என்றா?

விடிந்து ஏழு மணி, கண் எரிகிறது, ஹெப்பாள் கம்பெனி பஸ்கள் ஆட்களை அள்ளிக்கொண்டு போகின்றன, நான் மட்டும் எதிர்த்திசையில் நடக்கிறேன், அவளிடம் சொல்லிவிட வேண்டும், கடைகளில் பத்திரிகைக் கட்டைப் பிரிப்பதற்குள். திங்கட்கிழமை கல்லூரிக் கமிட்டி கூடுகிறது, அவளுடைய எட்டு வருடத் தற்காலிக வேலை நிரந்தரமாகப் போகிறது, போன மாதம் மார்க்கெட்டில் பார்த்தபோது அவள்தான் சொன்னாள். கமிட்டியில் ஐந்து கிழவர்கள், ஐந்து பேர் வீட்டிலும் எங்கள் பத்திரிகை வரும், கட்டிலுக்கு அடியில். இந்த மாதம் ஊருக்கே ஜுரம்... பெங்களூரில் அழகிப் போட்டி, கலாச்சாரம் போச்சு என்று ஊர்வலம், கேபிள் டிவியை உடை என்று ஒருவர், பெண்களை வேலைக்கு அனுப்பியதே தப்பு என்று இன்னொருவர், ஆசிரியருக்குக் கொண்டாட்டம், கடிதம் மூட்டையாக வருகிறது, கையெழுத்து இல்லாத இன்லண்டு லெட்டர்கள், ‘இப்படிக்கு ஒரு நலம்விரும்பி’. இந்த வியாழக்கிழமை ஸ்கூட்டர் செய்தியும் அப்படி வந்ததுதான். ஸ்கூட்டர்காரன் யார், எதற்கு வருகிறான், யாரும் விசாரிக்கவில்லை, எனக்கும் தெரியாது. இதெல்லாம் எனக்குப் புதிதா? விக்டோரியா ராணியின் கடைசி இருபது வருடம், லண்டன் பத்திரிகைகளில் ஊழல், பீதி, கேளிக்கை, அதுதானே என் ஆராய்ச்சி, பாதியில் விட்டது. விவாகரத்துக் கோர்ட்டில் வேலைக்காரி சாவித் துவாரம் வழியாகப் பார்த்ததைச் சொல்வாள், அன்று மாலையே அது அச்சில், ‘இந்த அசிங்கத்தை வெளியிட எங்களுக்கே கூசுகிறது’ என்ற முன்னுரையோடு இரண்டு பக்கம். பாதிரியார் கண்டிப்பார், கண்டிப்பதற்காக முழுவதும் படிப்பார். அடுத்த வாரம் கேளிக்கை அரங்கில் அதைப் பாட்டாகப் பாடுவார்கள். கிழக்கு லண்டனில் பெண்களை ஒருவன் வெட்டிச் சாய்த்தபோது, கொலைகாரன் நான்தான் என்று போலீசுக்கும் பத்திரிகைக்கும் நூற்றுக்கணக்கில் கடிதம்... யார் எழுதினார்கள்? குமாஸ்தாக்கள், கடைக்காரர்கள், ஞாயிறு தோறும் சர்ச்சுக்குப் போனவர்கள். பல்கலைக்கழக நூலகத்தின் மாடியில் தும்மிக்கொண்டே இதையெல்லாம் நகல் எடுத்தேன், நாலு வருடம், கோட்பாடு எங்கே, கோட்பாடு எங்கே என்று வழிகாட்டி கேட்டார், என்னிடம் கோட்பாடு இல்லை, ஆசைதான் இருந்தது, அடுத்த இதழில் என்ன வந்தது என்று பார்க்கும் ஆசை. அதை ஆராய்ச்சி என்று எழுத முடியவில்லை, சலித்தது, விட்டேன். அப்போது அந்தப் பத்திரிகைக்காரர்களை எவ்வளவு கேவலமாக எழுதினேன், மேலே உட்கார்ந்து.

வந்தாயிற்று. ஏழாவது மெயின், அதே டிரான்ஸ்ஃபார்மர், எதிரே பச்சை கேட், மூலையில் கரியப்பனின் பீடாக் கடை, இன்னும் பலகை எடுக்கவில்லை. அவள் பால் கவரை எடுக்க வெளியே வந்தாள், ஈரத்தலை, தோளில் துண்டு, நாற்பதை நெருங்கும் சாதாரண முகம். “ஏய் ஜகதீசா! ஏனோ இது, இத்தன காலைல? ஷிப்டு முடிஞ்சு நேரா வந்தியா? கண்ணப் பாரு, தக்காளி மாதிரி. உள்ள வா கணோ, காபி தரேன்.” இல்லை, இந்தப் பக்கமாக ஒரு வேலை என்றேன். “சுள்ளு, பொய் சொல்ற. இந்தப் பக்கம் உனக்கு என்ன வேலை?” என்று சிரித்தாள், பிறகு அவளாகவே, “உன் நோட்ஸ வச்சுதான் இன்னும் வண்டி ஓட்டறேன், தெரியுமா? மிச்ச பாடத்துக்கெல்லாம் பொண்ணுங்க நிம்மதியாத் தூங்குதுங்க. அந்த டைவர்ஸ் கோர்ட் வந்தா மட்டும் லாஸ்ட் பெஞ்சு கூட எழுந்துக்குது. அப்புறம் என்னாச்சு மேம், அப்புறம் என்னாச்சு மேம்னு... மண்டே ஆகட்டும், உனக்கு ஒரு ஊட்டா, பெரிய ஹோட்டல்ல சாப்பாடு, என் செலவு. சரி, பால் கெட்டுடும், எட்டு மணிக்கு கடைக்கு பேப்பர் வாங்க வருவேன், அதுவரைக்கும் இங்கயே நின்னா காபி கெடைக்காது பாரு.” போய்விட்டாள். கேட் சாத்தவில்லை, எனக்காகத் திறந்து வைத்திருக்கிறாள்.

சொல்லவில்லை. சொல்ல எத்தனை வார்த்தை வேண்டும்? உன்னைப் பற்றி வந்திருக்கிறது, கொள்ளேகாலில் உன் அம்மா வீட்டுக்குப் போ, இல்லை, கமிட்டித் தலைவரைப் போய் முதலில் நீயே பார், அவர் படிப்பதற்குள்... அரை நிமிட வேலை. அசதி என்று சொல்லிக்கொள்ளலாம், பத்து மணி நேரம் விழித்தவனுக்கு நாக்கு எழவில்லை என்று. பயம் என்றும் சொல்லலாம், யார் திருத்தியது என்று அவள் கேட்பாளே. இரண்டும் இல்லை. நாலு வருடம் அத்தனை பத்திரிகை புரட்டினேன், வக்கீலின் மீசை, நீதிபதியின் இருமல், வேலைக்காரியின் தொப்பி, எல்லாம் எழுதியிருந்தார்கள், வழக்கில் சிக்கிய அந்தப் பெண் காலையில் கடைவாசலில் நின்று தன்னைப் பற்றிய பக்கத்தைப் பிரிக்கும்போது முகம் எப்படி இருந்தது என்று ஒருவரும் எழுதவில்லை, எழுத அங்கே ஆள் இல்லை... கரியப்பன் பலகையை எடுத்துச் சுவரில் சாய்க்கிறார். கட்டின் சணலை அறுக்கிறார். எங்கள் பத்திரிகையைத்தான் முன்னால், கயிற்றில், கிளிப் போட்டுத் தொங்கவிடுகிறார். எட்டு மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம். இப்போது கூட கேட்டைத் தாண்டி ஓடலாம், பத்தடி தூரம். நான் நிற்கிற இடத்திலிருந்து கடைவாசலை டிரான்ஸ்ஃபார்மர் கம்பம் மறைக்கிறது. இரண்டடி இடப்பக்கம் நகர்ந்து நின்றுகொண்டேன்.