பனிக்காலத்து வேலை

ஜெயசுதாவின் புருஷன் செந்தில்நாதன் வருஷத்தில் ஒரு மாதம்தான் கரையாம்புத்தூரில் இருப்பான். அதுவும் ஆடியில்.

அவனுக்கு வேலை பூடானில். மலையைக் குடைந்து கட்டிய நீர்மின்நிலையத்தில், ஆற்றுத் தண்ணீர் சுழற்றும் டர்பைன்களைப் பழுதுபார்க்கும் குழுவில் இருந்தான். மழைக்காலத்தில் அங்கே ஆறு மணலை அள்ளிக்கொண்டு நிறைந்து ஓடும். அந்த நாட்டின் தேவைக்குப் போக மிஞ்சிய கரண்ட்டை இந்தியாவுக்கு விற்பார்கள். அப்போது எந்த மெஷினையும் நிறுத்த விடமாட்டார்கள். பனிக்காலத்தில் ஆறு ஒடுங்கிய பிறகுதான் ஒவ்வொன்றாகக் கழற்றி, மணல் அரித்த இறக்கைகளை வெல்டிங் வைத்துச் சரிசெய்ய முடியும். அந்த மாதங்களில் லீவு என்ற பேச்சே கிடையாது.

கல்யாணமான வருஷம் ஆடி லீவும் வீணாயிற்று. புதுப்பெண் ஆடியில் புருஷனோடு இருக்கக் கூடாதென்று அம்மா அவளைத் தாய்வீட்டுக்கு, கரியமாணிக்கத்துக்கு அழைத்துப்போய்விட்டாள். அவன் பைக்கில் தெருமுனை வரை வந்து பார்த்துவிட்டுப் போனான்.

குழந்தை இல்லை. மாமனார் மாமியார் காலமான பிறகு வீட்டில் அவள் மட்டும்தான். பகலில் வயல் வேலை இருந்தது. பொழுது சாய்ந்தால் டிவியைப் போட்டுவிட்டு அடுப்படியில் இருப்பாள். பார்ப்பதற்கல்ல, வீட்டில் ஒரு குரல் கேட்க வேண்டுமே என்றுதான்.

போன கார்த்திகையில் புயல் வந்தது. கரண்ட் போனது. ஆற்று வெள்ளம் கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் ஏறியது. பக்கத்து வீட்டு ருக்குமணிதான் அவளைக் கையைப் பிடித்து இழுத்துத் தன் மாடிக்குக் கூட்டிப்போனாள். மறுநாள் செந்தில்நாதன் போன் செய்தான்.

"இன்னா சுதா, வூட்டுக்குள்ள தண்ணி வந்துதா?"

"வாசப்படியோட நின்னுடுச்சுங்க."

"இங்க ஆத்துல தண்ணியே இல்ல. கரண்ட்டுகூட இந்தியாலேர்ந்துதான் வாங்குறாங்க. மெஷின அவுத்துப் போட்டுட்டு நிக்குறோம். லீவு கேக்கட்டுமா?"

கேளுங்க என்று சொல்லத்தான் நினைத்தாள். "பாதியில எப்படி வுட்டுட்டு வருவீங்க? வேலையப் பாருங்க" என்று சொன்னாள்.

"ஏன்டி இப்படிப் பொய் சொல்ற?" என்றாள் ருக்குமணி. ஜெயசுதா மாடியிலிருந்து கீழே பார்த்தாள். அவள் வீட்டு ஜன்னல் பாதிக்கு மேல் தண்ணீரில் இருந்தது.

வெள்ளம் வடிந்ததும் சேற்றைத் தனியாகவே வாரிக் கொட்டினாள். ஊறிப்போன மெத்தையைத் தெருவுக்கு இழுத்துப் போட்டாள். அப்போதும் போனில் ஒன்றும் சொல்லவில்லை.

ஆடியில் செந்தில்நாதன் வந்தான். கூடத்துச் சுவரில் நெஞ்சுயரத்துக்குக் கறை படிந்திருந்தது. அதன்மேல் கையை வைத்தபடி நின்றான்.

"வாசப்படியோட நின்னுடுச்சுன்னியே?"

"நெசத்தச் சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?"

அவன் சுவரிலிருந்து கையை எடுத்தான். பிறகு, "தெரியல சுதா" என்றான்.

வந்திருப்பேன் என்று ஒரு பேச்சுக்காவது சொல்லியிருக்கலாம். அவள் உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். சோறு போடும்போது சொன்னாள்.

"இந்தப் பனிக்காலத்துக்கு நான் அங்க வர்றேன்."

"காலையில உள்ள போனா இருட்டுனப்புறம்தான் வெளிய வருவேன். பாஷையும் தெரியாது. பேச ஆளே இருக்காது ஒனக்கு."

"இங்க மட்டும் யாரு இருக்கா?"

அவன் திரும்பிப் போனதும் குவார்ட்டர்ஸுக்குச் சொல்லிவைத்தான். ஐப்பசியில் அவள் வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ரயிலேறினாள். பூடான் எல்லைப் பக்கத்துச் சிலிகுரி ஸ்டேஷனுக்கு அவன் வந்து அழைத்துப்போனான்.

அங்கே ஒரே ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் எதிரே மலை, வேறொன்றும் தெரியாது. அவன் விடியலில் போனான். அவள் சமைத்தாள், துணி துவைத்தாள். பக்கத்து அறைப் பெண் ஏதோ கேட்டாள். ஜெயசுதாவுக்குப் புரியவில்லை. இருவரும் சிரித்துக்கொண்டார்கள்.

இருட்டிய பிறகு உடம்பெல்லாம் கிரீஸ் வாசனையோடு அவன் வந்தான். சாப்பிட்டுப் படுத்ததும், வெள்ளம் வந்த அன்று நடந்ததை அவள் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். அவன் "ம்" கொட்டிக்கொண்டிருந்தான். தண்ணீர் அடுப்படிக்குள் நுழைந்ததைச் சொல்லும்போது சத்தமே இல்லை. தூங்கிப்போயிருந்தான்.

அவள் போர்வையை அவன் தோள்வரை இழுத்துவிட்டாள். மீதியைச் சொல்லாமல், அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.