அழுத்தச் சொன்னவள்

கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கத் திருகாணியோடு மகள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அது அசைவேனா என்றது. அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வீடு திரும்பி முழுசாக மூச்சுவிடக்கூட இல்லை, அதற்குள் சித்தப்பா பத்திரிகையில் போட நல்ல போட்டோவாக ஒன்று கேட்டுவிட்டார். நல்ல போட்டோவெல்லாம் இந்தப் பெட்டிக்குள்தான் கிடந்தன.

“ஸ்விட்சைப் போட்டுத்தான் பாரேன்மா.”

“ஓடாது சித்தப்பா. ரேம் சரியா உக்காரல. திறந்தாத்தான் தெரியும்.”

ஓடாது என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? கம்ப்யூட்டர் நத்தை மாதிரி ஊர்கிறது என்று அப்பா புலம்பியதால், வேகம் கூட்டும் புது ரேம் அட்டை வாங்கிப் பார்சலில் அனுப்பியவளே அவள்தான். ஒரு கம்பெனியின் உதவி மையத்தில் உட்கார்ந்து, முகம் தெரியாதவர்களின் கம்ப்யூட்டரையெல்லாம் போனிலேயே சரிசெய்து சம்பளம் வாங்குகிறவள். பெற்ற அப்பாவுக்குச் செய்ய மாட்டாளா? நேற்று மத்தியானம் செய்தாள்.

“ஆன் பண்ணுங்கப்பா. பீப் சத்தம் வருதா?”

“வருதும்மா.”

“மூணு தடவையா? நீளமா?”

“அதேதான், மூணு தடவை, நல்ல நீளம். இரு, நீயே கேளு.”

போனைத் தள்ளிப் பிடித்தார் போலிருக்கிறது. பீ...ப். பீ...ப். பீ...ப். ரேம்தான், சந்தேகமே இல்லை. கழற்றச் சொன்னாள். முனையை ரப்பரால் துடைக்கச் சொன்னாள். வெட்டு இருக்கும் பக்கம் பார்த்து மாட்டச் சொன்னாள். பக்கத்து ஸ்லாட்டுக்கு மாற்றச் சொன்னாள். எதற்கும் மசியாமல் அதே பீப். கடைசியில் அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

“ரெண்டு கட்டைவிரலையும் வச்சு பலமா அழுத்துங்கப்பா! க்ளிக்னு சத்தம் வர்ற வரைக்கும் விடாதீங்க. குழந்தையைத் தொடுற மாதிரி தொட்டா எப்படி உக்காரும்?”

“அழுத்துறேம்மா... அழுத்துறேன்...” அவருக்கு மூச்சு வாங்கியது.

“சரி விடுங்க. ஞாயித்துக்கிழமை நானே வந்து பாக்குறேன்.”

சாயங்காலம் அம்மா கூப்பிட்டாள். கம்ப்யூட்டருக்கு முன்னால் நாற்காலியிலேயே அப்பாவின் உயிர் போயிருந்தது. இதயம் பலவீனம், உடம்பை வருத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தெரிந்துதானே அழுத்து அழுத்து என்று கத்தினாய், பாவி, என்று வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள். அம்மாவிடம் வாய்விட்டுக் கேட்கத் துணிவில்லை. அம்மாவோ, வந்ததிலிருந்து இவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. பழி என்மேல்தான், வேறென்ன என்று மகள் முடிவே கட்டிவிட்டாள்.

திருகாணி ஒருவழியாகக் கழன்றது. மூடியை இழுத்தாள்.

உள்ளே தூசி மெத்தென்று படிந்திருந்தது. பழைய ரேம் தன் இடத்தில் அசையாமல் நின்றது. பக்கத்து ஸ்லாட்டில் ஒட்டடை. எங்கேயும் ஒரு விரல்தடம் இல்லை. தும்மிக்கொண்டே பிளக்கைச் சொருகி ஸ்விட்சைப் போட்டாள். குட்டியாக ஒரே ஒரு பீப். நத்தை நகரத் தொடங்கியது.

“ஓடுதே! என்னவோ பெரிசா பயமுறுத்தின?” என்று சித்தப்பா தனக்குப் பிடித்த போட்டோவை வாங்கிக்கொண்டு போனார்.

டீயோடு வந்த அம்மா, திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“அம்மா, அப்பா இதைத் திறக்கவே இல்லையா?”

“திட்டமாட்டியே?”

“சொல்லும்மா.”

“எங்க திறந்தார்? ஸ்க்ரூ டிரைவர் இருக்கிற இடமே அவருக்குத் தெரியாது. நீ அனுப்பினது பிரிக்காம அலமாரியில கிடக்கு. சாஞ்சு உக்காந்து, காலைத் தூக்கி மேஜை மேல போட்டுக்கிட்டு, நீ சொல்லச் சொல்ல ஆச்சும்மா ஆச்சும்மான்னார்.”

“அப்ப அந்த பீப்?”

அம்மா தன் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். “பீ...ப். இப்படித்தான்.”

“மூச்சு வாங்கிச்சே!”

“சிரிப்பை அடக்கினா வாங்காதா? நான் வேற எதிர்ல நின்னு சிரிச்சுத் தொலைச்சேன்.”

கழட்டி மாட்டிட்டேன் மேடம் என்று புளுகுகிறவர்களைக் குரலை வைத்தே பிடிக்கிறவள் என்று ஆபீஸில் அவளுக்குப் பெயர். அவள் காதிலேயே முழம் முழமாகப் பூச்சுற்றியிருக்கிறார் மனுஷர். மூணு தடவையா, நீளமா என்று பூவை எடுத்துக் கொடுத்தவளும் அவள்தான்!

சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது. கண்ணீரும் சேர்ந்தே வந்தது.

“நான் அழுத்தச் சொன்னதாலதான் போயிட்டார்னு நினைச்சேம்மா.”

“போடி பைத்தியம்! அதுக்கா முகத்தை இப்படி வச்சிருந்த? கடைசியில பிள்ளையை ஏமாத்திட்டுப் போனாரேன்னு நீ கோவிச்சுக்குவியோன்னு நான் பயந்து செத்துக்கிட்டிருக்கேன்.”

“எதுக்கும்மா இந்த நாடகம்?”

“சரியாயிட்டா நீ எதுக்கு வரப்போற? நீ வர்றேன்னு சொன்னதும் போனை வச்சுட்டு, ‘ஜெயிச்சுட்டேன்டி, வர்றா!’ன்னார். ஒரு துரும்பை நகர்த்தாத மனுஷன், உன் ரூமுக்குப் போய்த் தன் கையால விரிப்பு போட்டுட்டு வந்தார். வந்து உக்காந்து டீ கேட்டார். நான் போட்டு எடுத்துட்டு வர்றதுக்குள்ள...”

மகள் எழுந்து தன் அறைக்குப் போனாள்.

விரிப்பு உள்பக்கம் வெளியே தெரிய, தையலெல்லாம் மேலே வரக் கிடந்தது. ஒரு மூலை தரையில் புரண்டது. தலையணையைக் கால்மாட்டில் வைத்திருந்தார். அவள் எதையும் சரிசெய்யவில்லை. தலையணை இருந்த பக்கமே தலைவைத்துப் படுத்தாள்.

சாப்பிடக் கூப்பிட வந்த சித்தப்பா, விளக்கை அணைத்துவிட்டுச் சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார்.